சீன மாணவர்களுக்கு அரசியல் ஆங்கிலம்: நான் செய்த தவறுகள் உங்களுக்கு வேண்டாம்

காவ்யான் என்பது சீனாவின் முதுகலை நுழைவுத் தேர்வு. அதற்கு ஆங்கிலம் சொல்லித்தர வரும் புது ஆசிரியர்கள் முதல் வாரமே ஒரு சொற்பட்டியலை அச்செடுத்து நீட்டுகிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் சீனம். நானும் அதையேதான் செய்தேன். எழுத்துப்பிழை, உச்சரிப்பையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை போகப்போகச் சரியாகிவிடும்.

ஒரு சொல், ஒரே பொருள்

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். என் மாணவி ஒருத்தி தாளை நெடுக மடித்து, சீனப் பக்கத்தை மறைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தின் 5,500 சொற்களையும் மனப்பாடம் செய்தாள். 'பில்' என்றால் ஜாங்தான், அதாவது கடையில் தரும் பில். 'ஹவுஸ்' என்றால் வீடு. ஒருநாள் பயிற்சிப் பத்தியில் 'ஹவுஸ் பாஸ்டு தி பில்' என்று வந்தது. பிரதிநிதிகள் சபை மசோதாவை நிறைவேற்றிய செய்தி அது. அவளோ 'பில்'லுக்கு மேல் பென்சிலால் 'பணம்' என்று எழுதி, குடும்பச் செலவைப் பற்றிய கட்டுரையாகவே கடைசிவரை வாசித்திருந்தாள்.

ஒரு பத்திக்கு 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். பத்தும் போயிற்று. அவள் உழைப்பில் குறையே இல்லை, நான் கொடுத்த பட்டியல்தான் அவளைக் கவிழ்த்தது.

அப்புறம் தனிச்சொல் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். 'பாஸ் எ பில்', 'வீட்டோ எ பில்' என்று வினையோடு சேர்த்தே தருகிறேன். 'அட்மினிஸ்ட்ரேஷன்' முன்னால் ஒபாமா என்று வந்தால் அது நிர்வாகவியல் இல்லை, அவருடைய அரசு. 'சாங்ஷன்' அனுமதியும் ஆகும், தடையும் ஆகும். 'டேபிள்' இன்னும் மோசம்: ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுக்கிறார்கள், அமெரிக்காவில் தள்ளிப்போடுகிறார்கள். பத்தி எந்த நாட்டு அரசியலைப் பேசுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சீனச் சொல்லின் வாடை

ஷ்வான்ச்வான் சீனத்தில் சாதாரணச் சொல். புதுப் படத்துக்கு விளம்பரம் செய்வதும் அதுதான், கட்சி செய்யும் பிரச்சாரமும் அதுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு 'ப்ராபகாண்டா' என்று மாற்றினால், ஆங்கிலத்தில் படிப்பவருக்குப் பொய்ப் பிரச்சாரம் என்றே தோன்றும். கல்லூரி ஆங்கிலத் தேர்வின் மொழிபெயர்ப்புப் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. இடத்துக்கு ஏற்ப 'பப்ளிசிட்டி', 'ப்ரமோட்' என்று எழுதப் பழக்குங்கள்.

பழைய பெயர்கள்

பல நாடுகளில் சாலை, ரயில், துறைமுகம் கட்டும் சீனாவின் திட்டத்துக்கு 'ஒன் பெல்ட் ஒன் ரோடு' என்ற பெயர் வேண்டாம். 2015இல் சீன அரசே 'பெல்ட் அண்ட் ரோடு இனிஷியேட்டிவ்' என்று முடிவு செய்துவிட்டது. 'இனிஷியேட்டிவ்' இடத்தில் 'ஸ்ட்ராடஜி'யும் கூடாது.

கடைசி வாரத்தில் புதுச் சொற்கள்

வேண்டவே வேண்டாம்.

'ஏ'யிலிருந்து தொடங்குவது

'அபாண்டன்' இருக்கும் முதல் பக்கம் மட்டும் விரல் பட்டுக் கறுத்து, மற்ற பக்கங்கள் புதிதாகவே இருக்கும் புத்தகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அகர வரிசையை விடுங்கள். ஒரு தேர்தல் செய்தியை எடுத்து, அதில் வரும் இருபது சொற்களிலிருந்து தொடங்குங்கள்.