போன்சாய்க்கு மண் சலிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், ஆழம் குறைந்த தட்டில் மரத்தைக் குறுக்கி வளர்க்கும் போன்சாய்க்கு மண் கலக்கக் கற்றுக்கொள்வதற்காக என் மொட்டைமாடிக்கு மூவர் வந்திருந்தனர். அவர்களில் இருவர், சல்லடைக்குக் கீழே விழுந்த தூளை அள்ளி, மண்ணாகப் பயன்படும், மேலே நின்ற செங்கல் குருணையோடு மறுபடியும் சேர்த்துவிட்டார்கள். கலவை அளவில் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 19 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே காரணத்துக்காக அதே காரியத்தைச் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவர்களும் கொடுக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் கொட்டக் கூடாது, துளையில்லாத தட்டில் மரம் வைக்கக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தூளை மீண்டும் சேர்த்தல்

அடுக்களையில் அரிசி மாவு சலித்துப் பழகிய கைக்கு, சல்லடையின் கீழே விழுவதே வேண்டிய பொருள். மேலே நிற்கும் கப்பியே ஒதுக்க வேண்டியது. போன்சாய் மண்ணில் இது முற்றிலும் தலைகீழாகிறது. நடுத்தர அளவுள்ள தட்டுகளுக்கு நான் 6 மி.மீ., 2 மி.மீ. என இரண்டு சல்லடைகளைப் பயன்படுத்துகிறேன். முதல் சல்லடையில் நிற்பது மீண்டும் உடைக்கப்பட வேண்டியது. அதில் விழுந்து இரண்டாவதில் நிற்பது மரத்துக்கு உரியது. இரண்டாவதற்கும் கீழே விழுவது எக்காரணம் கொண்டும் தட்டுக்குள் போகக் கூடாதது.

இதற்கான காரணத்தைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு குவளை செங்கல் குருணையில் ஒரு குவளை நுண்மணலைக் கலந்து அளந்து பாருங்கள்; இரண்டு குவளை வராது. குறைந்த அந்த அளவு, குருணைகளுக்கு இடையே காற்று நின்றிருந்த இடம். தூள் அந்த இடைவெளிகளில் புகுந்துகொள்கிறது. இடைவெளி குறுகக் குறுக, நீர் நுண்புழை விசையால் அங்கேயே பிடித்து நிறுத்தப்படுகிறது. எவ்வளவு நீர் ஊற்றினாலும், வடிந்து முடிந்தபின் தட்டின் அடியில் ஓர் ஊறிய அடுக்கு எஞ்சும். அதன் உயரம் துகள்களின் பருமனைப் பொறுத்ததே தவிர, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. அந்த அடுக்கு 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் வேர்களுக்கு அதனால் பெரிய துன்பம் இல்லை, 4 செ.மீ. ஆழமுள்ள போன்சாய்த் தட்டிலோ, வேர் மூச்சுவிட 1 செ.மீ. மட்டுமே மிஞ்சும். இதை நம்பத் தயங்குவோர், பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நீரில் முக்கி, படுக்கைவாட்டில் பிடித்து, சொட்டுவது நின்றபின் அதை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்க்கலாம். மீண்டும் நீர் சொட்டும். அதே பஞ்சு, அதே நீர், உயரம் மட்டுமே வேறு.

எனக்கு இது புரிந்த விதம் வேறு. விதையிலிருந்து 14 ஆண்டுகள் வளர்த்த புளி ஒன்று என்னிடம் இருந்தது. ஓர் ஆடி மாதத்தில் அதற்கும் வேறு இரண்டு மரங்களுக்கும் ஒரே நாளில் மண் மாற்றினேன். பொழுது சாயும் நேரத்தில், மூன்றாவது தட்டுக்குக் கலவை நான்கு குவளை குறைந்தது. மறுநாள் செங்கல் உடைத்துச் சலித்துக் கொள்ளலாம் என்று அன்று நிறுத்தியிருக்க வேண்டும். வேர்கள் வெளியே கிடக்கின்றனவே என்ற பதற்றத்தில், கீழே குவிந்திருந்த தூளிலிருந்து நான்கு குவளை அள்ளிச் சேர்த்துவிட்டேன். அந்த மூன்றாவது தட்டில்தான் புளி இருந்தது.

வெயில் இருந்தவரை வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஐப்பசியில் சென்னையில் மழை பிடித்துக்கொண்டபின் புளியின் இலைகள் மட்டும் வாடத் தொடங்கின. இங்கே இரண்டாவது தவறு நேர்ந்தது. மழை ஓய்ந்த நாட்களில், வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றினேன். நீரில் மூழ்கி மூச்சுத் திணறும் வேரும் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மரம் காட்டும் அடையாளம் இரண்டு நிலைகளிலும் ஒன்றே. கார்த்திகையில் தட்டிலிருந்து தூக்கிப் பார்த்தபோது, மேலே இருந்த வேர்கள் வெளுப்பாகவும் உயிரோடும் இருந்தன. அடிப்பகுதி முழுவதும் கறுத்து, சேறு போல இறுகி, சாக்கடை நாற்றம் வீசியது. மரம் பிழைத்தது. ஆனால், வடிவமைப்பின் உயிராக நான் கருதிய இடப்பக்க முதற்கிளை பட்டுப்போயிற்று. அந்தக் கிளையைக் கம்பி கட்டி, கிள்ளி, பருக்க வைக்க ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே நாளில் அதே செங்கலில், தூள் சேர்க்காமல் மண் மாற்றிய மற்ற இரண்டு மரங்களும் அதே மழையில் செழித்து நின்றன. அந்த இரண்டு தட்டுகளையும் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு ஆற்றாமை வருகிறது.

கலவை குறைந்தால் மரத்தின் வேர்களை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். ஓர் இரவு தாங்கும். தூளைத் தரையில் வளரும் செடிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதை மாடியிலேயே ஒரு வாளியில் சேமித்து வைத்தால், அவசரத்தில் கை அதைத் தேடும்.

ஈரத்தோடு சலித்தல்

தூளை நாம் சேர்க்காவிட்டாலும் அது தானே வந்து சேரும் வழி இது. ஈரச் செங்கலைச் சலித்தால் நுண்தூள் சல்லடை வழியே விழாமல் ஒவ்வொரு குருணையின் மேலும் படலமாக ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குக் கலவை சுத்தமாகத் தெரியும். தட்டில் இட்டு நீர் ஊற்றும்போது அந்தப் படலம் கழன்று அடியில் போய்ப் படியும். ஆகவே உடைத்த செங்கலைத் தார்ப்பாயில் பரப்பி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டபின் சலிக்க வேண்டும். சல்லடையில் ஒரு நேரத்தில் இரண்டு கையளவுக்கு மேல் போடக் கூடாது. நிரப்பிவிட்டால் மேலே கிடப்பது வலையைத் தொடுவதே இல்லை. சலித்து முடித்தபின் குருணையைத் தொட்டி நீரில் அலசி, நீர் தெளியும் வரை மாற்றி மாற்றி ஊற்றுகிறேன். அலசியது மீண்டும் காய்ந்த பிறகே உரம் கலக்கிறேன்.

முகக்கவசம் இல்லாமல் சலித்தல்

காய்ந்த செங்கல் தூளில் சிலிக்கா உண்டு. நெடுங்காலம் மூச்சில் போனால் அது நுரையீரலில் தங்கித் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த வழியில்லை. கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் அணிந்து, காற்று நமக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று சலிக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

எந்தச் செங்கல் என்று பாராமல் உடைத்தல்

சரியாக வேகாத செங்கல் ஓராண்டுக்குள் களிமண்ணாகத் திரும்பிவிடும். சலித்த உழைப்பெல்லாம் வீண். அளவுக்கு மீறி வெந்து கருகி, கண்ணாடி போல் ஆன செங்கல் நீரைப் பிடிக்காது. நன்கு வெந்த செங்கல் தட்டினால் கணீரென ஒலிக்கும். அதன் துண்டை ஓர் இரவு நீரில் ஊறவைத்து விரல்களால் தேய்த்தால் கரையாது. இடித்த வீடுகளின் செங்கலை இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வருவோர், அதில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் சிமென்டையும் கவனிப்பதில்லை. அவை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். மரத்துக்கு இரும்புச்சத்து எட்டாமல், நரம்புகள் பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகும்.

கடல் மணல்

எத்தனை முறை அலசினாலும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடியில் ஜல்லி பரப்புதல்

ஊறிய அடுக்கு ஜல்லிக்கு மேலே போய் நிற்குமே தவிர மறையாது. ஆழம் குறைந்த தட்டில் வேருக்கு உரிய இடத்தை ஜல்லிக்குக் கொடுப்பதில் பயனில்லை.

வேறொரு நாட்டின் கலவையை நகலெடுத்தல்

ஜப்பானின் தோச்சிகி பகுதியில் தோண்டியெடுக்கப்படும் அகடாமா அருமையான பொருள்தான். எரிமலைச் சாம்பலில் உருவான அந்தக் குருணை நீரையும் காற்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. ஆனால் அகடாமா, நுரைக்கல், எரிமலைக் குருணை மூன்றும் சமபங்கு என்ற பாடத்தைக் குளிர்நாட்டு ஊசியிலை மரங்களுக்காகச் சொன்னவர்கள், அக்கினி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் நிற்கும் ஆலமரத்தையோ காகிதப்பூவையோ மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. இங்கே அது நண்பகலுக்குள் காய்ந்துவிடுவதைக் கண்டு, பலர் ஈரம் நிற்கட்டும் என்று தூளைச் சேர்க்கிறார்கள். பழைய தவறு புதிய காரணத்தோடு திரும்பி வருகிறது. ஈரம் கூடுதலாக வேண்டுமானால் குருணையின் அளவைச் சீராகக் குறையுங்கள். சிறிய தட்டுகளுக்கு நான் 2 முதல் 4 மி.மீ. வரையுள்ளதை மட்டும் பிரித்தெடுக்கிறேன். பெரிய தட்டுகளுக்கு எட்டுப் பங்கு செங்கல் குருணையும் இரண்டு பங்கு தேங்காய் மட்டைத் துண்டும் போதுமானவையாக இருக்கின்றன. மட்டையில் உப்பு இருக்கும் என்பதால், பல முறை ஊறவைத்து நீரை வடித்த பிறகே சேர்க்கிறேன்.

உரத்தைச் சலிக்காமல் கலத்தல்

மண்புழு உரமும் தூள்தான். 2 மி.மீ. சல்லடையில் மேலே நிற்கும் கட்டிகளை மட்டும் சேர்க்கலாம். வேப்பம் புண்ணாக்கைக் கலவைக்குள் போடாமல் மேலே சிறு உருண்டைகளாக வைப்பது நல்லது.

சாக்கில் இருக்கும் கலவையை நம்புதல்

சலித்து, அலசி, காயவைத்துக் கட்டிய சாக்கிலும் தூள் உண்டாகும். தூக்கும்போதும் இழுக்கும்போதும் குருணைகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. தேய்ந்த தூள் மெல்ல மெல்ல அடிக்கு இறங்குகிறது. ஆகையால் மண் மாற்றும் நாளில் கலவையை மீண்டும் ஒரு முறை 2 மி.மீ. சல்லடையில் ஓட்டிவிட்டே பயன்படுத்துகிறேன். சாக்கின் கடைசி இரண்டு படியை எந்த மரத்துக்கும் போடுவதில்லை. அது நேராகக் கீழே வாழை மரத்தடிக்குப் போகிறது.