சிலிண்டர் பவர் இருக்கிறதா? ஒரு தாளும் பேனாவும் போதும், பார்த்துவிடலாம்

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர், ஆக்சிஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஆஸ்டிக்மேட்டிசம், அதாவது கண்ணுக்குள் ஒளி ஒரே இடத்தில் குவியாத பார்வைக் குறை, பற்றிய விவரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் காரணம். கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது முன்புறமுள்ள கார்னியா என்ற தெளிவான படலம். கரண்டியின் பின்புறம் போல அது ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால், ஒளி ஒரே இடத்தில் குவியாது. கிட்டத்திலும் தூரத்திலும் எழுத்து இழுபட்டுத் தெரியும். இரவில் விளக்குகளைச் சுற்றிக் கீற்றுகள் கிளம்பும். சிலருக்குக் கண்ணின் உள்லென்ஸாலும் இது வருவதுண்டு.

படி 1: வெள்ளைத் தாளின் நடுவிலிருந்து, கடிகாரத்தின் 12 மணி இடங்களுக்கும் ஒரே தடிமனில் கோடு இழுங்கள்.

படி 2: தாளைச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு பாருங்கள். சில கோடுகள் கறுத்தும், அவற்றுக்குக் குறுக்கே போகிறவை மங்கியும் தெரிகின்றனவா?

படி 3: தாளைக் கால் வட்டம் திருப்புங்கள். கறுத்த கோடு தாளோடு சேர்ந்து திரும்பினால் காரணம் பேனா மை. பழைய திசையிலேயே நின்றால் காரணம் கண். மற்றக் கண்ணையும் இப்படியே பாருங்கள். எல்லாக் கோடும் ஒன்றுபோல் தெரிந்தாலும் குறையே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கண் மருத்துவப் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

படி 4: சீட்டை எடுங்கள். சிலிண்டர் அளவை டயாப்டர் என்ற லென்ஸ் திறன் அலகில், 0.25 படிகளாக எழுதுவார்கள், 0.50 மிகச் சாதாரணம். ஆக்சிஸ் என்பது அந்த சிலிண்டர் திருத்தம் லென்ஸில் எந்தத் திசையில் அமைய வேண்டும் என்று சொல்லும், 1 முதல் 180 டிகிரிக்குள் ஒரு கோணம். 1825-லேயே ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் கண்ணுக்கே சிலிண்டர் லென்ஸ் வடிவமைத்தார். அன்றும் இன்றும் கோணம்தான் உயிர்நாடி. லென்ஸ் 10 டிகிரி விலகினாலே திருத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி விலகினால் பலனே இல்லை.

அதனால் பவர் ஏறிவிட்டதோ என்று பதறும் முன், ஃபிரேம் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். வட்ட ஃபிரேமில் லென்ஸ் தானாகவே சுழன்றுவிடக்கூடும். புதுக் கண்ணாடியில் தரை சாய்ந்தாற்போல் இருப்பது சில நாளில் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் ஆக்சிஸை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இளவயதில் சிலிண்டர் பவர் வேகமாக ஏறினால் கெரட்டோகோனஸ், அதாவது கார்னியா மெலிந்து கூம்புபோல் பிதுங்கும் நோய், இருக்கலாம். கண்ணைக் கசக்குவதை நிறுத்திவிட்டு, கார்னியாவின் வளைவை அளக்கும் டோபோகிராஃபி சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.