ஆலங்காயத்தில் ஏறி போளூரில் இறங்க: ஜவ்வாது மலையில் ஒரு சைக்கிள் வழி

ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்றுதான் முதலில் கேட்பேன். 25 என்று பதில் வந்தால், அதை மாற்றிவிட்டு அப்புறம் கிளம்புங்கள் என்பேன். 32 இருந்தால் நல்லது, 34 என்றால் இன்னும் நல்லது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்துக்கொண்டால் மிதி ஒரு சுற்று சுற்ற சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். நான் வாணியம்பாடியில் கணக்கு டீச்சர், 49 வயது. என் முழங்காலுக்கு அந்த ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான் ஒத்துவருகிறது.

வழி சிக்கலில்லாதது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் 17 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து மலையேறி காவலூர், கிட்டத்தட்ட 12. காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும் அதே அளவுதான். அதன்பின் கிழக்கே இறங்கினால் அத்திமூர் வழியாகப் போளூர், சுமார் 40. எல்லாம் சேர்த்து 80 சொச்சம். முதல் தடவை போகிறவர்கள் ஜமுனாமரத்தூர் வரை போய், வந்த வழியே திரும்பிவிடுங்கள். தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் எந்த இடத்தில் கடை இருக்கிறது, எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்த சாலையில் திரும்புவீர்கள். போளூர்ப் பக்கம் இரண்டாவது பயணத்துக்கு.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மாலையில் சென்ட்ரலில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்து வாணியம்பாடியிலேயே இறங்கலாம். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். இராத்திரி பிரியாணி சாப்பிடாமல் தூங்க மனசு வராதுதான். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் மேலே குளிராக இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஆலங்காயம் தாண்டுவதற்குள்ளேயே வெந்துபோகிறார்கள். நான் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவேன். ஆலங்காயம் வரை இருட்டு, அதனால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். அந்த 17 கிலோமீட்டரில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்தில் வேலிக்காத்தான் முள் கிடக்கும், அதனால் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே ஓட்டுங்கள். ஆலங்காயத்தில் இட்லி நாலு, டீ ஒன்று. பாட்டில் இரண்டையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரோடு பைக் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. ஊர் சைக்கிள் கடைப் பம்பு பெரும்பாலும் அதில் மாட்டாது. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். அதை வால்வில் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிள், கார் டயருக்குக் காற்றடிக்கும் பம்பில் காற்றடிக்கலாம். நான் அதை வீட்டுச் சாவி வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறேன். மற்றபடி இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு, செயின் கழற்றும் கருவி. டயர் 28 மில்லிமீட்டர் இருக்கட்டும், காற்றையும் கல்லு மாதிரி அடிக்காதீர்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன உடுத்துவது என்று பெண்கள் கேட்பதுண்டு: பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் மேல் தளர்வான பேன்ட் போட்டு, வலது கால் பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினால் போதும்.

ஆலங்காயம் தாண்டியதும் காடு தொடங்குகிறது. இங்கே ஒரே விதிதான், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், பின்னால் வண்டி வரவில்லை என்றால் நடுவில் அகலமாகத் திரும்புங்கள். பஸ் ஹாரன் கேட்டால் இறங்கி நில்லுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். முதல் வருஷம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது விறகுக் கட்டோடு வந்த ஒரு பெரியவர், "என்னம்மா, வண்டில பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

காவலூர் 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான். 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி அந்தக் காலத்தில் ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று. மரங்களுக்கு மேலே அதன் வெள்ளைக் குவிமாடம் தெரியும்போது ஏற்றம் முடிந்தது என்று அர்த்தம். 1988 பிப்ரவரியில் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர், எண் 4130. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன். டீச்சர் அங்கே சைக்கிளில் போனதுதான் அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருக்கிறது. உள்ளே பார்க்க நினைப்பவர்கள் அனுமதி நாள், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

சரி, இப்போதுதான் முக்கியமான பகுதி. ஏற்றம் முடிந்தது என்று சொன்னேனே, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இடையே சாலை தட்டையாக இருப்பதே அபூர்வம். ஒரு மேடு, ஒரு பள்ளம், ஓடையின் மேல் சின்னப் பாலம், மறுபடி மேடு. இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை, புளியமரம், பலாமரம், நடுநடுவே காட்டுத் துண்டு. கண்ணுக்கு இதமாக இருப்பதால் கால் தேய்வது தெரியாது. ஆலங்காயம் ஏற்றத்தை முறுக்கிக்கொண்டு ஏறியவர்கள் நாலாவது மேட்டில் நிற்பார்கள்.

மேடு பள்ளச் சாலைக்கு ஒரு தாளம் உண்டு. இறக்கத்தில் கடைசி 50 மீட்டர் வரை சும்மா உருளாமல், கனமான கியரில் லேசாக மிதித்தபடியே வாருங்கள். பாலத்தில் கண் அடுத்த மேட்டின் உச்சியில் இருக்கட்டும். வேகம் குறையத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஒரு கியர் இளக்குங்கள். குறைந்த பிறகு அல்ல, குறையும்போதே. மிதி கனத்த பிறகு கியர் மாற்றினால் செயின் கரகரவென்று கத்தும், சில சமயம் கழன்றும் விடும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: டக், நாலு மிதி, டக், நாலு மிதி. மேட்டின் உச்சியில் பெருமூச்சு விட்டு நிற்காமல் இன்னும் பத்து மிதி மிதித்துவிட்டால் அடுத்த இறக்கம் வேகத்தை இலவசமாகக் கொடுக்கும். எழுந்து நின்று மிதிப்பதை மேட்டின் கடைசிப் பத்து மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 12 கிலோமீட்டருக்கு முதலில் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கால் பலம் ஒன்றும் கூடவில்லை, இந்தத் தாளம் பிடிபட்ட பிறகு 50 நிமிஷம்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு விஷயம். சாமைத் தாள், கொள்ளுக்கொடி எல்லாவற்றையும் வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை, லாரிக்கும் இல்லை. நமக்கு உண்டு. ஒரு ஜனவரியில் கணுக்கால் உயரம் கிடந்த கொள்ளுக்கொடி மேல் தைரியமாக ஏற்றினேன். இருபதடி போவதற்குள் கொடி பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டீரெய்லரில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் படக்கென்று முறிந்தது. களத்துக்காரர் அரிவாள் நுனியால் ஒவ்வொரு இழையாக அறுத்தெடுத்தார். அவர் மனைவிதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "இறங்கித் தள்ளிக்கினு வரக்கூடாதா அக்கா?" என்றார். அவர் சொன்னதுதான் என் அறிவுரையும். இறங்குங்கள், சைக்கிளைத் தூக்கித் தோளில் வையுங்கள், நடந்து தாண்டுங்கள். அது அவர்கள் வருஷத்துச் சோறு. அன்று செயின் கருவி கையில் இருந்திருந்தால் செயினைக் குட்டையாக்கி ஒற்றைக் கியரில் திரும்பியிருக்கலாம். இல்லாததால் புளி மூட்டைகளோடு குட்டி யானையில் கீழே வந்தேன்.

ஜமுனாமரத்தூரில் சாப்பாடு கிடைக்கும். தயிர்சோறு, ஊறுகாய் அளவோடு நிறுத்துவது நல்லது. பீமன் அருவி பக்கத்தில்தான். மழை முடிந்த மாதங்களில் பார்க்கலாம், சைக்கிள் செருப்போடு பாறையில் ஏற வேண்டாம்.

போளூர்ப் பக்கம் இறங்குகிறவர்கள் 500 மீட்டருக்கும் மேல் உயரத்தை இழக்கப் போகிறார்கள். கிளம்பும் முன் பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள். கோடுகள் தேய்ந்திருந்தால் வந்த வழியே திரும்புங்கள், அது சின்ன இறக்கம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும். நேர்ச்சாலையில் விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும். கையில் வாழைப்பழம் தெரியக் கூடாது.

போளூரில் விழுப்புரம் காட்பாடிப் பாதையில் ரயில் உண்டு, வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். மேலே இருக்கும்போதே சாமை அரிசி ஒரு கிலோ முதுகுப்பையில் போட்டுக்கொள்ளலாம். தேன் வாங்கினால் கண்ணாடிப் பாட்டிலில் வேண்டாம். நான் ஒரு பழைய சைக்கிள் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போய் அதில் ஊற்றச் சொல்வேன், சைக்கிள் சட்டத்தில் பாட்டில் வைக்கும் பின் கூட்டில் அது கச்சிதமாக உட்காரும். முன் கூட்டில் தண்ணீர், பின் கூட்டில் தேன். இறக்கத்தில் தாகத்தில் தடவி எடுக்கும்போது மாற்றி எடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அத்திமூர் தாண்டுவதற்குள் கால் லிட்டர் குடித்துவிட்டேன்.