தூக்கத்துக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் என்ன வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

மெடிக்கலில் போய் "தூக்கமே வரலைங்க, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு எந்த மாதிரி தூக்கம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். படுத்து ஒரு மணி நேரம் புரள்கிறீர்களா? படுத்ததும் தூங்கி, நடுராத்திரி மூன்று மணிக்கு விழித்து, அப்புறம் விடியும்வரை கண் மூட முடியவில்லையா? இல்லை, எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் எழுந்தால் அசதி, பகலெல்லாம் கொட்டாவி, கூடவே பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? கடைசி வகைக்குக் கடையில் மருந்தே கிடையாது. அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம், அதற்கு மேல் மந்தம் தரும் மாத்திரையைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நேராக டாக்டரிடம் போங்கள்.

மற்றவர்கள் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், எப்போது விழித்தீர்கள், கடைசி காபி டீ எப்போது, மதியம் தூங்கினீர்களா, என்னென்ன மாத்திரை எந்த நேரத்தில் போட்டீர்கள். பல பேருக்கு விடை இதிலேயே கிடைத்துவிடும். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில்தான் இருக்கிறது. பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரையை ராத்திரி போட்டால் சிறுநீருக்காக எழுந்துகொண்டே இருப்பீர்கள், ஸ்டீராய்டு மாத்திரை விழிப்பைக் கூட்டும். இவற்றைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சரி, கடைக்கு வருவோம். சீட்டு இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அலர்ஜி மாத்திரைதான், அவில், இல்லையென்றால் குளோர்ஃபெனிரமின் கலந்த ஏதாவது ஒரு சளி மாத்திரை. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை இவை தடுப்பதால் மந்தம் வருகிறது. என்றைக்கோ ஒரு நாள் போட்டால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் தொடர்ந்து போட்டால் சில நாட்களிலேயே மூளை பழகிப்போய் தூக்கம் வருவது குறையும், மறுநாள் காலை மந்தம் மட்டும் மிச்சமிருக்கும், அந்த மந்தத்தோடு வண்டி ஓட்டுவீர்கள். வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வாய் வறட்சி, மலச்சிக்கல், ப்ராஸ்டேட் வீக்கம் இருப்பவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, மனக்குழப்பம், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவது என்று எல்லாமே வரும். அப்பா அம்மாவுக்கு "பாவம், தூங்கட்டுமே" என்று வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்து மெலட்டோனின். இப்போது மாத்திரையாக, ஸ்ப்ரேயாக, கம்மி மிட்டாயாகவும் வருகிறது. இருட்டானதும் மூளை தானாகச் சுரக்கும் ஹார்மோன் இது, உடம்பின் கடிகாரத்தை நகர்த்துவதுதான் இதன் வேலை. அதனால் அமெரிக்காவிலிருந்து வந்து நேரம் மாறித் தவிப்பவருக்கும், ராத்திரி மூன்று மணிக்குத்தான் தூக்கம் வருகிறது என்பவருக்கும் உதவும். கவலையில் தூக்கம் கெட்டவருக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. வாங்கினால் 3 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம், அரை மில்லிகிராமே பலருக்குப் போதும். 10 மில்லிகிராம் போட்டால் மூன்று மடங்கு தூக்கம் வராது, தலைவலியும் கெட்ட கனவும்தான் வரும். படுக்கையில் விழும்போது போடாமல் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலேயே போடுங்கள். லேபிளை முழுக்க நம்பாதீர்கள்: கனடாவில் விற்ற 31 மெலட்டோனின் பொருட்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. வலிப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா தரும் "அரை மாத்திரை" பெரும்பாலும் அல்பிரசோலம், குளோனசெபம் வகை. இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 மருந்துப் பட்டியலில் இருக்கிறது, அதை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு, இவை பழக்கமாகிவிடும். ஏற்கனவே பல மாதமாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் வலிப்பு கூட வரலாம், டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் முதலில் சொல்வது அமுக்கரா சூரணம். அமுக்கராவுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, சில வாரம் எடுத்தால்தான் தெரியும். தைராய்டு கோளாறு, கல்லீரல் கோளாறு, கர்ப்பம் இருந்தால் வேண்டாம், கல்லீரல் பாதிப்பு வந்த நோயாளிகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். பல சூரணங்களில் சர்க்கரையும் கலந்திருக்கும், சுகர் உள்ளவர்கள் உட்பொருளைப் படியுங்கள். ஜாதிக்காய்ப் பொடியைப் பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பதோடு நிறுத்துங்கள், ஸ்பூன் கணக்கில் போனால் படபடப்பு, வாந்தி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரும், குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். மருதாணிப் பூவைத் தலையணைக்குக் கீழே வைப்பதில் கெடுதல் எதுவும் இல்லை, வாசம் பிடித்தால் வையுங்கள். சர்ப்பகந்தா கலந்த எதையும் நீங்களாக வாங்காதீர்கள், அது பிரஷரை இறக்கும். கசகசாவைத் தூக்கத்துக்கென்று ஊருக்கு எடுத்துப் போகும் துபாய், சவுதி, சிங்கப்பூர்க்காரர்களே, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

காசில்லாத மருந்து ஒன்று, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீர்க் குளியல். தோலுக்கு ரத்தம் வந்து உடம்பின் உள்சூடு இறங்கும், அது இறங்கும்போதுதான் தூக்கம் வரும்.

இவை எல்லாவற்றையும்விட நீண்டகாலத் தூக்கமின்மைக்குப் பலன் நிரூபணமானது மாத்திரையே இல்லாத ஒரு பயிற்சிதான். அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016-இல் முதல் சிகிச்சையாகச் சொன்னதும் இதைத்தான். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்) எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்தபின் திரும்புங்கள். கட்டிலில் போன் வேண்டாம், கணக்கு வழக்குப் பேச்சும் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். நோட்டில் எழுதியதைப் பார்த்து ஆறு மணி நேரம்தான் நிஜமாகத் தூங்குகிறீர்கள் என்றால் ஒன்பது மணி நேரம் கட்டிலில் கிடக்காமல் ஆறு மணி நேரம் மட்டும் படுங்கள், தூக்கம் அடர்த்தியானதும் கால் கால் மணி நேரமாகக் கூட்டுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்களும், பஸ் லாரி ஓட்டுபவர்களும் இந்தக் குறைக்கும் பகுதியைத் தானாகச் செய்யக் கூடாது. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மூன்று நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படுத்ததும் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பெண்கள் குறிப்பாக. படபடப்பும் எடைக் குறைவும் இருந்தால் தைராய்டு. மனசு கனத்து, எதிலும் விருப்பம் போய், வாழ்வதில் அர்த்தமில்லை என்று நினைப்பு வந்தால் மூன்று வாரம் காத்திருக்கவே வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.