முன்சக்கரம் இழுக்கும் கார், வழுக்கும் சாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பனி விழுந்த பிறகு, புதிதாகக் கார் வாங்கியவர்களை ஆளில்லாத கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போய் ஓட்டிப் பழகச் சொல்வேன். இந்த வருடம் வந்தவர்களில் இருவர், என் முதல் இரண்டு குளிர்காலங்களில் நான் செய்த தவறுகளை ஒன்று விடாமல் செய்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் தானாகத் தரையை அழுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மெதுவாகப் போங்கள், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள், கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கின்றன. மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல்தான். அதனால் பனியில் கிளம்புவதற்கு இது நல்ல கார். பனி படர்ந்த மலைச்சாலைகளில் நடந்த 1962, 1963 மான்டி கார்லோ ராலி கார்ப் பந்தயங்களை எரிக் கார்ல்சன் ஒரு சின்ன சாப் காரில் வென்றார். 1964-இல் வென்றது மினி கூப்பர் எஸ். இரண்டுமே முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். ஆனால் இழுப்பது, திரும்புவது, பிரேக்கின் பெரும்பங்கு என எல்லாவற்றையும் அந்த இரண்டு முன் டயர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்கமோ எடை குறைந்தது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மறப்பதால் வருகின்றன.

முன்னால் மட்டும் வின்டர் டயர் போடுவது

இந்த வருடம் வந்த தம்பி ஒருவர் காரைச் சுற்றிக் காட்டினார். முன்னால் இரண்டும் புத்தம் புது வின்டர் டயர். பின்னால் தேய்ந்த கோடைக்கால டயர். ஏன் என்று கேட்டேன். "அண்ணா, இழுக்கிறது முன்னாடிதானே? பின்னாடி சும்மா உருள்றதுதானே?" என்றார்.

எனக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். என் இரண்டாவது குளிர்காலம் அது. டயர் கடைக்காரர் ஒருவர், முன்சக்கர இயக்கத்துக்கு இரண்டு போதும், நான்கு வாங்குவது வீண் செலவு என்றார். நம்பிப் போட்டேன். மூன்று வாரம் கார் அருமையாக ஓடியது. சட்டென்று கிளம்பியது, சொன்ன பக்கம் திரும்பியது. ஒரு காலை, இறக்கத்தில் வந்த ஒரு வளைவு. வேகம் 40 கிலோமீட்டர்கூட இருக்காது. தூரத்தில் ஒரு வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவே இல்லை. அவ்வளவுதான், பின்பக்கம் வெளியே வீசியது. நான் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் கார் வந்த வழியைப் பார்த்து நின்றது. பின்சக்கரம் ஓரக்கல்லில் மோதிப் பின் அச்சு வளைந்துவிட்டது. பின்னால் வண்டி எதுவும் வராததால் உயிர் தப்பியது. மிச்சம் பிடித்தது இரண்டு டயரின் விலை. பழுதுபார்க்கப் போனதோ அதைப் போலப் பல மடங்கு.

நடந்தது இதுதான். பின் டயர்கள் காரை இழுப்பதில்லை, சரி. ஆனால் வளைவில் காரின் பின்பாதி வெளியே ஓடாமல் பிடித்து வைப்பவை அவைதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ எடை முன்னால் சாய்கிறது. ஏற்கெனவே இலேசான பின்பக்கம் இன்னும் இலேசாகிறது. முன் டயர்கள் பனியைக் கவ்விக்கொள்கின்றன, பின் டயர்கள் விட்டுவிடுகின்றன. கார் பம்பரமாகச் சுற்றுகிறது.

நான்கும் மோசமான டயராக இருந்திருந்தால்கூட, கிளம்பும்போதே கார் வழுக்கி நம்மை எச்சரித்திருக்கும். முன்னால் மட்டும் நல்லது போட்டால் அந்த எச்சரிக்கை வருவதில்லை. பின் டயர்கள் தாங்க முடியாத வேகத்துக்கு நம்மைத் தைரியமாகக் கொண்டுபோய்விடுகிறது. வண்டி வழுக்கினால் தானாகவே சக்கரங்களுக்கு பிரேக் போட்டு நேராக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். அது இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுத் தரும். இல்லாத பிடிமானத்தை எங்கிருந்து கொண்டு வரும்?

நான்கும் வின்டர் டயராகப் போடுங்கள் என்றுதான் டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதை அறிந்திருக்க வேண்டிய ஒருவர், விவரம் தெரியாமல் கேட்டு நின்ற என்னிடம் அப்படிச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை. இன்றைக்கும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான்கும் ஒரே வகையாக இருந்து, அதில் இரண்டு மட்டும் தேய்ந்து புதிது வாங்கினால், புதியவை பின்னால் போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். முன்பக்கம் வழுக்கினால் காலை மெல்லத் தளர்த்தினாலே பெரும்பாலும் பிடிமானம் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் அதைச் சரிசெய்யும் கை வேகம் புதியவர்களுக்கு இருக்காது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த குறி இருக்கிறதா பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது பனியில் சோதிக்கப்பட்டது என்று பொருள் இல்லை. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்குவதால், பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். டயரின் மேலுள்ள பள்ளங்களின் (பட்டன்) ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது பனிக்கான டயர் இல்லை.

அந்தத் தம்பியிடம், இன்னும் இரண்டு வாங்கும்வரை பனி நாளில் இந்தக் காரை எடுக்காதே என்றேன். உங்களுக்கும் அதேதான்.

டிக்கியில் மணல் மூட்டை

அது பின்சக்கரம் தள்ளும் காருக்கான யோசனை. இதில் வைத்தால் இழுக்கும் சக்கரங்களின் பிடிதான் குறையும்.

திரும்பாத காரை மேலும் திருப்புவது

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், கார் நேராகவே போகிறது. உடனே இன்னும் திருப்பத் தோன்றும். முன் டயர் ஏற்கெனவே பிடியை இழந்துவிட்டது; மேலும் திருப்பினால் பனியைக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டு போகும், அவ்வளவே. ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். டயர் உருளத் தொடங்கியதும் பிடி வரும், அப்புறம் திருப்பலாம். சாலைக்கு வெளியே போகிற வண்டியில் சக்கரத்தை நேராக்கக் கை வராது என்பது எனக்குத் தெரியும். காலி இடத்தில் பத்து முறை செய்து பார்த்தவருக்குத்தான் அது வரும்.

பின்பக்கம் வீசும்போது பிரேக்கை மிதிப்பது

மிதித்தால் சுற்றுவது உறுதி. கண்ணை நீங்கள் போக வேண்டிய திசையில் வையுங்கள், ஸ்டியரிங்கும் அங்கேயே போகட்டும். முன்சக்கரங்களுக்குப் பிடி இருந்தால், மிக இலேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அவை காரை இழுத்து நேராக்கிவிடும்.

ஏபிஎஸ் துடித்ததும் காலை எடுப்பது

எடுக்காதீர்கள். பெடல் அதிர்வது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அந்த ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்வதன் அடையாளம்.

இறக்கத்தில் படாரென்று கியரைக் குறைப்பது

குறைந்த கியரில் இறங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தக் காரில் எஞ்சினின் தடை முன்சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், ஐஸ் மேல் அந்த இரண்டும் ஒரு கணம் நின்றுபோய் ஸ்டியரிங் பயனற்றதாகிவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, கிளட்ச்சை நிதானமாக விடுங்கள்.

சிக்கிய சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பது

உராயும் டயர் அடியிலுள்ள பனியை உருக்கி வழுவழுப்பான குழியாக்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுழன்றால், ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது அந்தச் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. டயரும் கியரும் சூடேறிக் கெட்டுப்போகும்; அப்போது யாரும் சக்கரத்துக்கு அருகில் நிற்கக் கூடாது. சக்கரங்களை நேராக்குங்கள். முன்னாலும் பின்னாலும் பனியைத் தோண்டி எடுங்கள். சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, இரண்டாவது கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி மெல்ல ஆட்டி வெளியே வாருங்கள். வந்ததும் மறக்காமல் அதைத் திரும்பப் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதலில் சைலன்சர் வாயிலுள்ள பனியை அகற்றுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது.

ஏற்றத்தின் நடுவில் நிற்பது

ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கஷ்டம். கீழேயே காத்திருந்து, பாதை காலியானதும் ஒரே சீரான வேகத்தில் ஏறிவிடுங்கள்.

குளிர் குறைந்தால் வழுக்கல் குறையும் என்று நினைப்பது

நேர்மாறு. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஐஸ் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், மைனஸ் 15-இல் இருப்பதைவிட அது அதிகம் வழுக்கும். பாலங்களுக்கு மேலும் கீழும் காற்று ஓடுவதால் அவை சாலைக்கு முன்பே உறைந்துவிடும். சாலை வெறும் ஈரமாகத் தெரிந்து, டயர் சத்தம் திடீரென்று அடங்கினால் ஐஸ் மேல் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவு விடுவது

உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து, கியரில் விட்டு நிறுத்துங்கள்.