காபியை விட்டு டீக்கு வருகிறவர்கள் எந்த டீயை எடுப்பது?

ரங்கூனில் காபியை விடப் போகிறேன் என்று கிளம்புகிற பலர், டீக்கடை மேசையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்று மறுபடி காபி மிக்ஸ் பாக்கெட்டைக் கிழிக்கப் போய்விடுகிறார்கள். அதில் காபியைத் தேடினால் கிடைக்காதுதான். உங்களுக்கு வேண்டியது கறுப்புத் தேயிலை, அதுவும் நாக்கில் கனமாக நிற்கிற ரகம்.

கடையில் வெறுமனே ஒரு டீ என்று கேட்காதீர்கள், பர்மியப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ச்சோ செய்ன் என்றால் இனிப்பும் பாலும் தூக்கலாக வரும், காபிக்காரருக்கு அது பாயசம். ச்சா செய்ன் கேளுங்கள், சாயம் கடுப்பாகவும் பால் கெட்டியாகவும் இருக்கும். இனிப்பு குறைவாக வேண்டுமா, பொ ச்சா.

வீட்டுக்கு வாங்கும்போது நீள இலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் மணம் நல்லதுதான், ஆனால் காபியில் பழகிய நாக்குக்கு அது முதலில் எட்டாது. குருணை குருணையாக இருக்கும் சிடிசி தூளை (இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது) எடுங்கள், அஸ்ஸாம் தூள் என்றால் இன்னும் நல்லது. உதிரித் தூளாக வாங்கினால் ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் நிறம் குபுகுபுவென்று இறங்கினால் சாயப்பொடி கலந்திருக்கலாம், வேண்டாம்.

போடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டீ கடுப்பாக வேண்டும் என்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். காபியிலும் டீயிலும் சுறுசுறுப்பைத் தருகிற காபீனில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும், அதற்கு மேல் ஊறினால் வருவது வாயைப் பிடிக்கிற துவர்ப்புதான். 200 மில்லி தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன், தளதளவென்று கொதிக்கிற தண்ணீர், 4 நிமிடம், உடனே வடிகட்டல், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் மட்டும் நெடுநேரம் காய்ச்சுகிறாரே என்றால், அவர் அதன் மேல் டின்பாலை, அதாவது சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலை, தாராளமாக ஊற்றுகிறார், பாலின் புரதம் அந்தத் துவர்ப்பை அமுக்கிவிடுகிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம், சர்க்கரை பரவாயில்லை என்றால்.

அப்புறம் தலைவலி. 240 மில்லி வடிகட்டிய காபியில் சுமார் 95 மில்லிகிராம் காபீன் இருக்கும், அதே அளவு கறுப்பு டீயில் ஏறக்குறைய பாதிதான். ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை இடிக்கத் தொடங்கும், சிலருக்கு 9 நாள் வரைகூட இழுக்கும். அதனால் காலைக் காபியைக் கடைசியில் விடுங்கள், முதலில் மாற்ற வேண்டியது மதியத்துக் காபியை. ஒரு காபி போன இடத்தில் ஆரம்பத்தில் இரண்டு டீ குடித்தாலும் தப்பில்லை, சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்காதீர்கள், சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள டீ விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.