கைப்பிடி சுற்றவில்லையா? அழுத்திச் சுற்றாதீர்கள்: பழைய கணக்கு மெஷின் வாங்குவோர் செய்யும் தவறுகள்

கோவை நூல் மில் ஆபீஸோ ஈரோடு மஞ்சள் மண்டியோ கணக்கு அறையை ஒழிக்கும்போது, பேரேடுகளுக்கு நடுவே சில சமயம் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் பழைய மெஷின் ஒன்று வெளியே வரும். "ஜாம் ஆயிருச்சுங்க, எண்ணெய் விட்டா சரியாப் போயிரும்" என்று காயலாங்கடைக்காரர் சொல்வார். அதை நம்பி அங்கேயே கைப்பிடியை அழுத்திச் சுற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

லீவர்களில் எண் வைத்துக் கைப்பிடியைச் சுற்றும் ஓட்னர் வகை மெஷினில் கைப்பிடி நிற்பது பெரும்பாலும் பழுதே அல்ல, பூட்டு. முந்தைய சுற்று பாதியில் நின்றிருந்தாலும், கேரேஜ் (விடை விழும், பக்கவாட்டில் நகரும் பகுதி) இரண்டு இடத்துக்கு நடுவே மாட்டியிருந்தாலும், பூஜ்ஜியமாக்கும் லீவர் முழுதாகத் திரும்பியிராவிட்டாலும், எண் வைக்கும் லீவர் ஒன்று 4-க்கும் 5-க்கும் இடையில் நின்றாலும் மெஷின் பிடித்துக்கொள்ளும். தப்புக் கணக்கு விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கேரேஜை மெல்ல அசைத்து 'டிக்' என்று உட்காரவிடுங்கள். பூஜ்ஜிய லீவரைக் கடைசிவரை கொண்டுபோய் விடுங்கள். எண் லீவர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சுற்றில் நின்ற கைப்பிடியைப் பின்னால் இழுக்கக் கூடாது. பல மாடல்களில் நடுவழியில் திரும்ப முடியாது. அதே திசையில் சுற்றை முடித்துவிட்டு, எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றினால் கணக்கு சமமாகிவிடும். பலம் போட்டால் இலக்கம் கடத்தும் (9-ஐத் தாண்டும்போது அடுத்த இடத்துக்கு 1 கொண்டுபோகும்) சிறு நெம்புகோல் வளையும். வெளியே ஒன்றும் தெரியாது, விடை மட்டும் தப்பும்.

சுற்றுகிறது என்பதற்காக மெஷின் நல்லது என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் சோதியுங்கள். எல்லா லீவரிலும் 9 வைத்து ஒரு சுற்று கூட்டினால் விடையிலும் எல்லாம் 9 வரவேண்டும். பிறகு எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கி, 365 வைத்து 4 சுற்று, கேரேஜை ஒரு இடம் நகர்த்தி 2 சுற்று. விடை 8760, சுற்று எண்ணியில் 24. கடைசியாக, எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கி, வலது ஓரத்தில் 1 வைத்து ஒரு சுற்று கழியுங்கள். 9-கள் வரிசையாக விழவேண்டும். பல மெஷின்களில் மணியும் அடிக்கும். திரும்ப 1 கூட்டினால் அத்தனையும் 0. இந்த ஒரு சோதனையிலேயே இலக்கம் கடத்தும் நெம்புகோல்களின் நிலை தெரிந்துவிடும். சில மாடல்களில் 9-கள் இடது ஓரம் வரை போகாமல் இரண்டு மூன்று இலக்கம் முன்பே நின்றுவிடும். அது அமைப்பே அப்படி. பழுது என்று எண்ணி நல்ல மெஷினை விட்டுவிடாதீர்கள்.

நம்ம பக்கத்து மெஷின்களுக்கே உரிய சிக்கல் பஞ்சுத் தூசி. மில் ஆபீஸில் இருந்த மெஷினுக்குள் பழைய எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து, காய்ந்த பசை மாதிரி கிடக்கும். அதன் மேல் நேராக எண்ணெய் விட்டால் களியாகிவிடும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், சின்ன ஸ்பிரிங்குகள் தெறிக்கும். மூடியைக் கழற்றியதும் போட்டோ எடுங்கள், எந்தத் திருகு எந்த ஓட்டையது என்று அட்டையில் குத்தி வையுங்கள். காய்ந்த பிரஷ்ஷாலும் இடுக்கியாலும் பஞ்சை எடுத்த பிறகுதான் பெயின்ட் கடை டர்பன்டைன். அதையும் காற்றோட்டமான இடத்தில், அடுப்பு விளக்கு பக்கத்தில் இல்லாமல், பிரஷ்ஷால் தடவி ஒரு ராத்திரி விடவேண்டும். எண் சக்கரங்களில் படவிடாதீர்கள், எண்ணின் பெயின்ட் கரையலாம். நன்றாகக் காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சுக்கும் கேரேஜ் தண்டவாளத்துக்கும் மட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் உறைந்துவிடும், நாளானால் பிசினாகும்.

கோவையில் எந்தப் பல்சக்கரத்தையும் லேத்துப் பட்டறையில் கடைந்துவிடலாம். அந்த வசதியே ஆபத்தும் கூட. புதுத் திருகு நுழையவில்லை என்று பழைய மரையை டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு அறுக்காதீர்கள். பழைய திருகை மாதிரியாகக் கொடுத்துப் புதுத் திருகைக் கடையச் சொல்லுங்கள். பஃப் போட்டு நிக்கல் ஏற்றுவதும், புது பெயின்ட் அடித்து எழுத்தை மறைப்பதும் மெஷினின் மதிப்பைக் கெடுக்கும்.

வயதைச் சொல்லும் அந்த எழுத்தையே தவறாகப் படிப்பவர்களும் உண்டு. தகட்டில் உள்ள காப்புரிமை ஆண்டு மெஷின் செய்த ஆண்டு அல்ல. இந்த வகை மெஷினுக்குப் பெயர் தந்த ஓட்னர் ஸ்வீடன்காரர், ஆனால் தொழிற்சாலை வைத்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். புரட்சிக்குப் பிறகுதான், 1918-இல், தயாரிப்பு ஸ்வீடனின் கோதன்பர்க்குக்கு மாறியது. ஆகவே கோதன்பர்க் என்று பொறித்த மெஷினை 1890-களின் மெஷின் என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடலாம். இதே வகையான பிரன்ஸ்விகா மெஷின் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் 1892-இல் ஓட்னரின் உரிமத்தில் தொடங்கியது. அதன் தகட்டில் வரும் டிரிங்க்ஸ் என்பது வேறு கம்பெனி இல்லை, அங்கிருந்த எஞ்சினியரின் பெயர். கையில் அடங்கும் குர்ட்டா என்ற கணக்கு மெஷின் லிக்டன்ஸ்டைனில் 1948 முதல் வந்தது. 600-க்கும் மேற்பட்ட பாகங்கள் உள்ள அதை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள்.

பஸ் பார்சலில் போட்டால், 5 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பை வெறும் தெர்மாகோல் தாங்காது. கேரேஜை நடுவில் நிறுத்தி, கைப்பிடியை அதன் பூட்டில் வைத்து, நூல் கயிற்றால் கட்டி, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கெட்டி ஃபோம் வைத்து, பிளைவுட் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் கயிற்றை அவிழ்க்காமல் கைப்பிடியைத் தொடாதீர்கள்.